மார்கழியில் பங்கா

தளி ஏரியைத் தாண்டி
யூகலிப்டஸ் வரிசை முடிகிற இடத்தில் பங்களா.
முப்பத்தொன்றாம் வருஷம், மார்கழி மூன்றாம் நாள்.
வாசற்படியில் கேப்டனின் நாய் செத்துக் கிடந்தது,
மீசையில் பாதாம்பால் காய்ந்து.
உள்ளே ஆபீஸ் அறையில்
அதே பாலைக் குடித்த மிட்டாதார் லட்சுமோஜி ராவ்
நாற்காலியில் நிமிர்ந்தே இருந்தார்,
யாரையோ வையப் போகிறவர் மாதிரி.

நான் தேன்கனிக்கோட்டை ஸ்டேஷன் ரைட்டர்.
கொலையாளியைக் கண்டுபிடிப்பது என் வேலையில்லை.
சொன்னதை எழுதுவேன்,
எழுதியதை வாசித்துக் காட்டுவேன்,
கையெழுத்தோ ரேகையோ வாங்குவேன்.

இன்ஸ்பெக்டர் கோதண்டபாணி
மெசபடோமியாவில் ஒரு காதை விட்டுவிட்டு வந்தவர்.
சாப்பாட்டு மேஜையைச் சுற்றி எல்லோரையும் உட்காரவைத்தார்:
மத்திகிரி குதிரைப் பண்ணைக் கேப்டன், அவர் மனைவி,
டாக்டர் ஆரோக்கியம், ஓசூர் வக்கீல்,
தை பிறந்தால் தத்துப்பிள்ளையாகவிருந்த ராகோஜி,
இளைய தாரம் தாராபாய்.
சமையல்கார அனுமந்து நின்றான்.

அரளி விதை என்றார் டாக்டர்.
பத்து மணிக்கு முன்பே உயிர் போயிருக்கும் என்றார்.
“பதினொன்றுக்குப் பங்கா ஆடியதே!”
சீட்டாடிக்கொண்டிருந்த நாலு பேரும் கேட்டிருந்தார்கள்,
கிரீச், கிரீச், அரைமணி நேரம்.
பிணமா பங்கா போடச் சொல்லும்?
ஆக, பதினொன்றுக்கு அவர் உயிரோடு இருந்தார்.
அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போனவன்
வெந்நீர்ச் செம்போடு அனுமந்து மட்டும்.

“பங்கா இழுத்தவன்?” என்றேன்.
“செவிடன். விடுய்யா.”

வராந்தாவில் கெம்பன் சுருண்டு கிடந்தான்,
சுவர் ஓட்டை வழியே வந்த கயிறு
கால் கட்டைவிரலில் கட்டியிருந்தபடியே.
வெயிலோ பனியோ அங்கே ஓர் ஆள் கிடக்க வேண்டும்;
மிட்டாவின் கௌரவம் அது.
காது கேளாதவன்தான் வேண்டும்;
அதுவும் கௌரவம்தான்.
உள்ளிருந்து இரண்டு இழுப்பு வந்தால் ஆட்டு,
ஒன்று வந்தால் நிறுத்து.

தளி மார்கழியில்
பல் கிட்டிக்கிற ராத்திரியில்
காற்று எதற்கு?

அறைக்குள் ஸ்டூல் போட்டு ஏறினேன்.
பங்காத் துணி மடிப்பில் ஒரு கருகல்,
நகத்தளவு முத்திரைத்தாள்,
அதில் “தத்து” என்கிற வரை எரியாமல்.
புகையை வெளியேற்றத்தான் காற்று.

கதவருகே தாராபாய் நின்றிருந்தார்.
என்னைப் பார்க்கவில்லை. பங்காவைப் பார்த்தார்.
பதினாறு வயதில் கட்டிக்கொடுத்திருந்தார்களாம்,
அவர் முழங்கைத் தழும்புகளைப் பற்றி
எந்த வாக்குமூலத்திலும் ஒரு வரியில்லை.

கெம்பனிடம் கைஜாடையில் கேட்டேன், யார் இழுத்தது?
செவிடர்கள் பேசுகிற உரத்த குரலில் சொன்னான்:
“அய்யா இழுத்தா வெரலே பிஞ்சிடும் சாமி.
அன்னிக்கி வலிக்கல.”

வீடு முழுக்கக் கேட்டிருக்கும்.
யாரும் திரும்பவில்லை.
இன்ஸ்பெக்டர் தன் நல்ல காதைச் சொறிந்துகொண்டிருந்தார்.

கருகலை விரல் நுனியில் வைத்து
ஊதினேன்.

அன்றிரவே அனுமந்து ஓடிவிட்டான்.
மூன்று மைல் நடந்தால் மைசூர் ராஜ்யம்,
அங்கே நம் போலீஸ் வெறும் காக்கித் துணி.
ஓடியவனே குற்றவாளி என்று
கேஸ் கட்டை நானே நூல் போட்டுக் கட்டினேன்.
பிடிபட மாட்டான், பாதகமில்லை என்று
காப்பி குடித்தேன்.

இப்போது முப்பத்தெட்டு.
தாராபாய் மிட்டா வரியைத் தவணை தவறாமல் கட்டுகிறார்.
கெம்பனுக்குப் பங்கா வேலையில்லை, சம்பளம் உண்டு.
ராகோஜி எங்கோ ரயில்வேயில்.
வருஷம் பிறந்தால்
பழைய வாரண்டுகளைப் புதிய ரிஜிஸ்தரில் ஏற்றுகிறேன்.
அ னு ம ந் து, தகப்பன் பெயர் தெரியாது,
வயது சுமார் நாற்பது என்று எழுதும்போது
மேஜைக்கடியில்
என் கால் கட்டைவிரலை
வெடுக்கென்று யாரோ இழுக்கிறார்கள்,
இரண்டு முறை.